முப்பது லட்சத்தின் கணக்கு

மறைமலைநகரிலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ சென்னை மாநகருக்குச் சென்று வரும் நம்மில் பலர், அண்ணா சாலையில் உள்ள அந்தப் பெரிய மேம்பாலத்தை எத்தனையோ முறை கடந்திருப்போம். 1973இல் திறக்கப்பட்ட அதற்கு அரசு இட்ட பெயர் அண்ணா மேம்பாலம். மக்கள் நாவிலோ அது இன்றும் ஜெமினி மேம்பாலம்தான். அதன் அருகே ஒரு காலத்தில் ஓங்கி நின்ற ஜெமினி ஸ்டுடியோ இப்போது இல்லை. அந்த மனையின் ஒரு பகுதியில் நட்சத்திர விடுதி ஒன்று நிற்கிறது. கட்டடம் மறைந்த பின்னும் பெயர் மறையாமல் இருப்பதற்குப் பெரிதும் காரணமான படம் ஒன்று உண்டு. அது 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'. அதற்கு ஆன செலவு முப்பது லட்சம் ரூபாய் என்பது நம் பாட்டன்மார் வியந்து பேசிய செய்தி. அந்த முப்பது லட்சம் எப்படிச் சேர்ந்தது, எப்படித் திரும்பியது என்பதை இன்று சற்று அமைதியாக எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

ஸ்டுடியோவின் பிறப்பே ஓர் இழப்பின் சாம்பலிலிருந்து தொடங்குகிறது. இயக்குநர் கே. சுப்ரமணியம் நடத்தி வந்த படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. 1941இல் அது ஏலத்திற்கு வந்தபோது எஸ்.எஸ். வாசன் அதனை வாங்கினார். அவர் கொடுத்த தொகை 86,427 ரூபாய் 11 அணா 9 பை என்று அணா பை சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் வளர்ந்தவர் வாசன். 1928இல் 'ஆனந்த விகடன்' என்னும் பெயரை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கியவர் அவர். எழுத்துக்கு விலை பேசிய அதே மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கின் எல்லைக்கே அடங்காத ஒரு முயற்சியில் இறங்கினார் என்பது எண்ணத்தக்கது.

1943இல் 'மங்கம்மா சபதம்' நல்ல வெற்றி பெற்றது. அந்த ஊக்கத்தில் வாசன் தம் அடுத்த படத்தை அறிவித்தார். அறிவித்தபோது கையில் இருந்தது பெயர் மட்டுமே, கதை இல்லை. கொத்தமங்கலம் சுப்பு, வேப்பத்தூர் கிட்டு முதலியோர் அடங்கிய கதை இலாகா, ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நாவல் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைப் பற்றிக்கொண்டு கதையைப் பின்னத் தொடங்கியது. உலகப் போரின் காலம் அது. படச்சுருள் கிடைப்பதே அரிது. இயக்குநராக அமர்ந்த டி.ஜி. ராகவாச்சாரி கருத்து வேறுபாட்டால் இடையில் விலகினார். அதுவரை இயக்குநர் நாற்காலியில் அமராத வாசனே அப்பொறுப்பை ஏற்றார். கதைக்குள் முதலில் இல்லாத சர்க்கஸ் பின்னர் புகுந்தது. அதற்காக மெய்யான சர்க்கஸ் குழுக்களே வரவழைக்கப்பட்டன. இவ்வாறு ஐந்தாண்டுகள் ஓடின.

அந்த ஐந்தாண்டுச் செலவில் பெரும் பங்கை விழுங்கியது முரசு நடனம். நாயகி டி.ஆர். ராஜகுமாரி வில்லன் ரஞ்சனை மணக்க இசைந்ததுபோல் நடித்து, ஒரு நடனம் வேண்டுமென்று கேட்கிறாள். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாகப் பெருமுரசுகள் நிற்கின்றன. அவற்றின் மேல் பெண்கள் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் வயிற்றைப் பிளந்துகொண்டு வீரர்கள் பாய்கின்றனர். இந்த ஒரு காட்சிக்கு நானூறு நடனக் கலைஞர்கள் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றனர் என்றும், ஐந்து லட்சம் ரூபாய் செலவாயிற்று என்றும் திரை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

முப்பது லட்சம் என்பது இன்றைய காதுக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். 1948இல் பத்து கிராம் தங்கம் நூறு ரூபாய்க்கும் குறைவாகவே விற்றது. எனவே அன்றைய முப்பது லட்சத்தைக் கொண்டு முந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட தங்கம் வாங்கியிருக்கலாம். இப்படி நிறுத்துப் பார்த்தால்தான் அந்தச் சுமை நமக்குப் புரியும். வாசன் தம் சொத்துகளை அடகு வைத்தார், கடன் வாங்கினார், நகைகளையும் விற்றார் என்பர். வெற்றியை அறிந்த பின் இதைப் படிக்கும் நமக்கு அது துணிவாகத் தெரிகிறது. முடிவு தெரியாத அந்நாளில், அந்த இல்லத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

1948 ஏப்ரல் 9ஆம் நாள் தமிழ்ச் 'சந்திரலேகா' திரைக்கு வந்தது. மக்கள் திரண்டனர், பாராட்டினர். ஆயினும் போட்ட பணம் திரும்பவில்லை. அரங்கு நிறைந்தும் முதல் திரும்பாதது எப்படி என்று நாம் கேட்கலாம். இந்த இடத்தில்தான் திரைப்படக் கணக்கின் உள்ளமைப்பை அறிய வேண்டும். பார்வையாளர் நீட்டும் சீட்டுப் பணத்தில் முதற்பங்கு, 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப்படி, கேளிக்கை வரியாக அரசுக்குச் சென்றது. எஞ்சியதில் திரையரங்க உரிமையாளர் தம் பங்கை எடுத்துக்கொள்வார். வினியோகஸ்தர் தம் தரகையும், பிரதிகளுக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவையும் கழித்துக்கொள்வார். மிஞ்சியதே தயாரிப்பாளரின் கைக்கு வரும். அதற்குள் கடனுக்கு வட்டி வளர்ந்திருக்கும். ஆகவே வசூல் வேறு, வருவாய் வேறு, இலாபம் வேறு. நம் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் அன்பர்களுக்கு இது புதிய பாடமன்று. விற்பனைத் தொகையை இலாபம் என்று எழுதுகிற கணக்கரை எந்த ஆலையும் வைத்துக்கொள்ளாது.

தமிழ்நாட்டின் அரங்குகள் தாங்கக்கூடிய அளவைவிடப் படத்தின் செலவு பெரிதாகிவிட்டது என்பதே உண்மை. இதை உணர்ந்த வாசன் சந்தையை விரிக்க முற்பட்டார். சில காட்சிகளை மாற்றி இந்தியில் அதே படத்தை அமைத்தார். 603 பிரதிகள் எடுக்கப்பட்டன. விளம்பரத்திற்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செலவிடப்பட்டது என்பர். வடநாட்டு வினியோகத்தில் தாராசந்த் பர்ஜாத்யா துணை நின்றார். 1948 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்தைய நாள், இந்திப் படம் வெளியாயிற்று. சரிந்துகொண்டிருந்த கணக்கு நிமிர்ந்தது. இரு மொழிகளிலும் சேர்த்து ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்சம் ரூபாய் வசூலானதாகப் பொதுவாக எழுதப்பட்டு வருகிறது. தென்னாட்டு ஸ்டுடியோக்களுக்கு வடநாட்டின் கதவு திறந்தது அப்போதுதான், ஏவி.எம். நிறுவனம் தன் 'வாழ்க்கை' படத்தை 1951இல் 'பஹார்' என்று இந்தியில் கொணர்ந்தது இந்தப் பாதையில்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. நம்மில் பலர் பார்த்து மகிழ்ந்த 'பென்ஹர்' கதை, பேசாப் படக் காலத்தில், 1925இல் ஒருமுறை எடுக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ நாற்பது லட்சம் டாலர். முதல் வெளியீட்டில் வந்தது ஏறத்தாழ தொண்ணூறு லட்சம் டாலர். அப்படியிருந்தும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு அந்த வெளியீட்டில் நட்டமே மிஞ்சியது. கதையுரிமை வைத்திருந்தவர்களுக்கு வருவாயில் பாதியைக் கொடுப்பதாக ஒப்பந்தம் இருந்ததே காரணம். அதே நிறுவனம் 1959இல் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் அதனை மீண்டும் எடுத்தது; அப்படம் பதினொரு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று, தடுமாறிக்கொண்டிருந்த நிறுவனத்தையும் காத்தது. உலகெங்கும் திரைக்கணக்கு இப்படித்தான். வெளியே தெரியும் எண் ஒன்று. உள்ளே நிகழ்வது வேறொன்று.

செலவின் பெருமை வெற்றியை உறுதி செய்யுமா? இதற்கு விடை சொல்ல நாம் வேறு நாட்டுக்கோ வேறு ஆண்டுக்கோ போக வேண்டியதில்லை. அதே 1948இல், நமக்கு நெருக்கமான 'ஞானசௌந்தரி' கதையை இரு நிறுவனங்கள் ஒரே வேளையில் படமாக்கின. ஒன்று ஜோசப் தளியத்தின் சிட்டாடல், மற்றொன்று ஜெமினி. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்த இளம்பெண் தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் அக்கதை, நாடக மேடைகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. சிட்டாடலின் படத்தில் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தனர். அன்னையை நோக்கிய வேண்டுதல் பாடல் ஒன்றை, சிறுமியின் குரலாக ஜிக்கியும் வளர்ந்த மங்கையின் குரலாக பி.ஏ. பெரியநாயகியும் பாடினர். அது திரையரங்கைத் தாண்டி நம் இல்லங்களுக்குள் நுழைந்தது. நம் பாட்டிமார் அதை ஜெபம்போலவே முணுமுணுத்தனர். அந்தப் படம் பெரும் வெற்றி கண்டது. சில வாரங்கள் கழித்து வந்த ஜெமினியின் 'ஞானசௌந்தரி'யோ எடுபடவில்லை. வாசன் அதனைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

'சந்திரலேகா'வை எடுத்த அதே கைகள், அதே ஸ்டுடியோ, அதே ஆண்டு. பணமும் திறமையும் அங்கே குறைவாக இருக்கவில்லை. மக்களின் மனம் ஏற்கெனவே வேறிடத்தில் குடிபுகுந்திருந்தது. அதை விலைக்கு வாங்க முடியவில்லை. 'சந்திரலேகா'வின் வெற்றியை மட்டும் படித்துவிட்டு, கடன்பட்டுப் பெரிதாகச் செய்தால் கடவுள் கைகொடுப்பார் என்று பாடம் கற்போமானால், பாதி வரலாற்றைத்தான் படித்தவர்கள் ஆவோம். வாசனைக் காத்தது பிரம்மாண்டம் மட்டுமன்று. தமிழ் வசூல் போதவில்லை என்ற கசப்பான கணக்கை மறைக்காமல் நேருக்கு நேர் பார்த்து, உடனே வேறு வழி தேடிய தெளிவே அவரைக் காத்தது. தோற்ற படத்தைத் திரும்பப் பெற்றதும் அதே தெளிவுதான்.

இன்று ஒரு படம் வெளியான மூன்றாம் நாளே நூறு கோடி, ஐந்நூறு கோடி என்று எண்கள் பறக்கின்றன. நம் இளைஞர் அவற்றுக்காக வாதிடுகின்றனர், பகையும் கொள்கின்றனர். அந்த எண் எவருடையது, வரிக்கு முன்னா பின்னா, யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர் சிலரே. முரசின் மேல் ஆடிய நானூறு பேரின் ஊதியம் என்ன என்று கேட்டவரும் அன்று சிலரே. எந்தப் பெருங்கணக்கிலும் முதலில் மறக்கப்படுவது வியர்வையின் பங்குதான்.

கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவை எண்ணிப் பார்க்கச் சொன்ன நற்செய்தி உவமை நமக்கு நன்கு தெரிந்ததே. இல்லத்தில் திருமணம் நடத்தும்போதும், பங்கில் திருவிழா எடுக்கும்போதும், ஆலயம் எழுப்பும்போதும் நாமும் ஒருவகை 'சந்திரலேகா'வைத் தொடங்குகிறோம். ஆன செலவைப் பெருமையாகச் சொல்வது எளிது. பெற்ற கடன் எவ்வளவு, சுமப்பவர் யார், உழைத்தவர்க்கு உரியது சேர்ந்ததா என்பதையும் அதே குரலில் சொல்ல இயலுமா? அப்படிச் சொல்ல இயன்றால், நம் கணக்கு நேரிய கணக்கு.