ட்வைன் காணாத பந்தயம்

1895 செப்டம்பரில் மார்க் ட்வைன் சிட்னியில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 59. முந்தைய ஆண்டில் அவருடைய பதிப்பகம் திவாலாகியிருந்தது. கடனடைக்க ஊர் ஊராக மேடையேறிப் பேசுவதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

1897இல் வெளிவந்த அப்பயண நூலில், மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் பற்றிய பக்கங்களை நாம் பெரிதும் விரும்பிப் படித்திருக்கிறோம். 1861இல் தொடங்கிய பந்தயம். நவம்பர் முதல் செவ்வாயன்று பிளெமிங்டன் திடலில் நடப்பது. அந்த ஒரு நாளுக்கென்றே ஒளித்துவைத்த உடைகளில் பெண்கள், தொலைவிலிருந்தெல்லாம் வந்து குவியும் கூட்டம், இடங்கொள்ளாத நகரம். ஒரு நாடு முழுவதையும் இப்படி ஆட்கொள்ளும் நாள் அமெரிக்காவிலும் இல்லை என்கிறார் ட்வைன். (நாடு என்றாலும், 1901 வரை அவை தனித்தனிக் குடியேற்றங்களே.)

நாட்களைக் கணக்கிட்டால் ஒன்று புலப்படுகிறது. அவ்வாண்டுப் பந்தயம் நடந்தது நவம்பர் 5 அன்று. ட்வைனோ அதற்கு முன்பே ஹோபார்ட் வழியாக நியூசிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அவ்வளவு உயிர்ப்போடு அவர் தீட்டியது கேட்டறிந்த திருவிழாவைத்தான். இதனால் அவர் எழுத்தின் மீது நமக்கு மதிப்புக் குறையவில்லை. சாட்சியாக மட்டும் இனி அவரை அழைக்க இயலாது.

அப்பக்கங்களில் வென்ற குதிரையின் பெயர்கூட இல்லை என்பதை நாம் பிறகே கவனித்தோம். அவ்வாண்டு வென்றது அவ்ராரியா.