பால்மர நிழலில் ஒரு கொள்ளைநோய்

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் பால்மரத்தைப் பாலுக்காகவே அறிவோம். குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலோ அது தேனுக்கும் தாய். அதன் இளந்தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிய நீரே அங்குள்ள தேனீப் பெட்டிகளை நிரப்புகிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் வளர்த்த தொழில் அது.

1976-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட நச்சுயிரி ஒன்று, 1991-92-இல் கேரளத்தையும் குமரியையும் தாக்கிற்று. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாது. நீர் நிறைந்த பைபோலாகி அறையிலேயே மடியும். தென்னிந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. தேனை நம்பிய குடும்பங்கள் வெறும் பெட்டிகளோடு நின்றன.

நோய் தீர்க்கும் மருந்தில்லை. எனினும், நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூட்டங்களைப் பேணிப் பெருக்கினர். தொழில் மீண்டும் தழைத்தது. எஞ்சிய விதையைக் காத்தலே மீட்சியின் தொடக்கம் என்பதற்கு இவ்வரலாறே சான்று.