சோலைக்காட்டுப் பறவைகளின் இனத்தொகை மரபியல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், புல்வெளிகளுக்கிடையே மலைமடிப்புகளில் ஒதுங்கி வளரும் குட்டை மரக்காடுகளைச் சோலைக்காடுகள் என்கிறோம். அங்கு மட்டுமே வாழும் பறவைகளின் மரபணு வேறுபாடுகளையும், ஒரு மலைக்கும் மறுமலைக்கும் இடையே மரபணுக்கள் கலக்கின்றனவா என்பதையும் ஆராய்வது இத்துறை. இப்பறவைகளைக் காப்பதில் இனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு மலையின் கூட்டத்தையும் தனியே எண்ணவேண்டும் என்பதே இதன் வரலாறு தரும் பாடம்.

தொடக்ககால ஆய்வு உருவத்தை நம்பியது. பறவையியலாளர் ஜெர்டன் 1839-இல் நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவையையும், 1841-இல் தரையோரப் புதர்களில் இரைதேடும் சிறு பறவையான நீலகிரிச் சோலைக்கிளியையும் விவரித்தார். 1860-களில் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு பழனிமலைப் பறவைகளுக்குப் பெயரிட்டார். பின்னர் நீலகிரிச் சோலைக்கிளியும் பழனிச் சோலைக்கிளியும் நெடுங்காலம் ஓரினத்தின் இரு வகைகளாகவே கருதப்பட்டன. 2010-இல் வி. வி. ராபின், அனிந்திய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் வெளியிட்ட மரபணு ஆய்வு அக்கருத்தை அசைத்தது. சுமார் 30 கி.மீ. அகன்ற பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் உள்ள சோலைக்கிளிகள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டவை என்று அது காட்டியது. 23 பறவையினங்களை ஒப்பிட்ட 2015 ஆய்வின்படி, ஆழமும் அகலமும் மிகுந்த பள்ளத்தாக்குகளே அதிக இனங்களைப் பிரித்திருக்கின்றன. 2017-இல் சோலைக்கிளிகளுக்குச் சோலிகோலா, சிரிப்பான்களுக்கு மாண்டிசிங்க்ளா என்னும் இரு புதிய பேரினங்கள் நிறுவப்பட்டன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள அகத்தியமலைச் சோலைக்கிளி புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

பெயரைப் பிரிப்பதால் பறவைக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான உலகச் செம்பட்டியல் இனவாரியாகவே ஆபத்தை அளவிடுகிறது. வயநாட்டுப் பகுதியின் சில சிகரங்களில் மட்டும் வாழும் பாணாசுரச் சிரிப்பான் வேறோர் இனத்தின் வகையாக எண்ணப்பட்டவரை, அதன் வாழிடம் எவ்வளவு சிறியது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை; தனி இனமானபின் அருகிவிட்ட இனமாகப் பட்டியலில் ஏறியது.

இன்னொரு மறுப்பு வலுவானது: சோலைகள் இயல்பிலேயே துண்டுதுண்டானவை, பறவைகள் அதற்குப் பழகியவை, ஆகவே இன்றைய துண்டாடலை மட்டும் ஏன் பெரிதுபடுத்தவேண்டும்? இதற்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலையில் 218 சோலைக்கிளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டின் வேறோர் ஆய்வில் இருக்கிறது. அண்மைக்காலக் காடழிப்பு சோலைக்கிளிக் கூட்டங்களுக்கிடையே மரபணுக் கலப்பைக் குறைத்திருந்தது.  ஆனால் துண்டாடல் எல்லாப் பறவைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இடம்விட்டு இடம் செல்லும் வழக்கம் குறைந்த பறவைக்குத் தேயிலைத் தோட்டமும் சீகை, யூகலிப்டஸ் தோப்பும் சுவராகிவிடக்கூடும். சிறிய கூட்டம் நெடுங்காலம் தனித்திருந்தால், நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை மிகுந்து, தற்செயலாலேயே மரபணு வகைகள் மறையும். மரம் நட்டால் காடு பெருகுமே என்பதும் இங்கு பொருந்தாது. பழனிமலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியின் மூன்றில் இரு பங்கை மரத்தோப்புகளும் வேளாண்மையும் விழுங்கின. அந்தத் தோப்புகள் சோலைக்காடு ஆகிவிடவில்லை.

எனவே, இயற்கை ஏற்படுத்திய பிரிவையும் மனிதர் ஏற்படுத்திய பிரிவையும் ஒன்றாகக் கொள்வது தவறு. இயற்கை பல இலட்சம் ஆண்டுகளில் பிரித்த நீலகிரிப் பறவைகளையும் பழனிப் பறவைகளையும் கொண்டுபோய்க் கலப்பது தனித்தன்மையை அழிக்கும். மனிதர் அண்மையில் பிரித்த அண்டைச் சோலைகளை நாட்டு மரங்களால் மீண்டும் இணைப்பதே அறிவியலுக்கு ஒத்த பாதுகாப்பு.