அடையாற்றங்கரையில் ஒரு ஸ்காட்லாந்துக் கோட்டை

கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் இசைக் கல்லூரிக்குள் நுழைந்தால் சரளி வரிசை காதில் விழும். எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்தால் எதிரே நிற்பது கோட்டை! இரு பக்கமும் கோபுரம், உச்சியில் ஞாயில், உடம்பெல்லாம் வெள்ளை. போருக்குக் கட்டியதல்ல, பவிசுக்குக் கட்டியது.

ஹைதர் அலியின் குதிரைப்படை மதராஸின் சுற்றுப்புறத்தைக் கலங்கடித்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே இருந்தார்கள். 1792-இல் ஹைதரின் மகன் திப்பு பாதி ராஜ்ஜியத்தை இழந்ததும் பயம் தெளிந்தது. தோட்ட வீடுகள் பெருகின. கம்பெனி ஊழியர் ஜேம்ஸ் பிராடிக்கு 1796-இல் ஆற்றின் வடகரையில் 11 ஏக்கர் கிடைத்தது. 1798-க்குள் வீடு எழுந்துவிட்டது. பிராடி குலத்துக்கு ஸ்காட்லாந்தில் ஃபாரஸ் ஊர்ப் பக்கம் 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருந்தது. பிராடி கோட்டை என்ற அதே பெயரை இங்கேயும் சூட்டினார்கள். அப்போது இங்கிலாந்திலும் மாளிகைக்குக் கோட்டை வேஷம் கட்டுவது மோகம்தான். லண்டன் அருகே ஹொரேஸ் வால்போல் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் அதில் பேர்போனது.

வேஷம் சீமையுடையது, வேலை நம்மூர்க் கொத்தனாருடையது. அக்கால மதராஸ் மாளிகைகளின் பளபளப்பைப் பளிங்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. உண்மையில் அது கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெண்கருவெல்லாம் கலந்து மாவாக அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தலைக்கு மேலே மெட்ராஸ் ஒட்டு: தேக்கு உத்தரங்கள்மீது குறுஞ்செங்கல்லைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பதுண்டு. சீமை மாளிகைக்குப் பனி வழுக்கிவிழச் சரிவுக் கூரை வேண்டும். இங்கே மொட்டை மாடி போதும். ஞாயிலுக்குப் பின்னால் காற்று வாங்கலாம்.

பிராடி நெடுநாள் வாங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அடையாற்றில் படகு விடப்போய் மூழ்கி இறந்தார்.

அதே கரையில் அவருக்கும் முன்னால் ஜார்ஜ் மௌப்ரே கட்டிய குவிமாட வீடு பிறகு அடையாறு கிளப் ஆனது. 1963-இல் மெட்ராஸ் கிளப்போடு இணைந்தபின் அதன் பெயரும் மெட்ராஸ் கிளப். தென்கரையின் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு 1882 டிசம்பரில் பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் குடிவந்து அதைப் பிரம்மஞான சபையின் தலைமையகமாக்கினார்கள். பிராடி கோட்டைக்குத்தான் ‘தென்றல்’ என்று தமிழ்ப் பெயர் வாய்த்தது. 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி பின்னர் இங்கே வந்து சேர்ந்தது. மயிலாப்பூரிலிருந்து இந்தப் பக்கம் வரும் பிராடீஸ் ரோடு இன்று ராமகிருஷ்ண மடம் சாலை. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை.