முயலின் பின்னே நடந்தவர்களின் நாய்

காட்டு முயலைத் துரத்தினால் அது ஒரே திசையில் ஓடி மறைந்துவிடாது. பெரிய வட்டமடித்துக் கிளம்பிய இடத்தின் பக்கமாகவே திரும்பி வரும். குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத இங்கிலாந்து உழவர்கள் முயலின் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வேட்டைக்குப் போனார்கள். மேட்டில் ஏறி நின்றால் கீழே வயலில் நடப்பதெல்லாம் தெரியும். அவர்களுக்கு வேண்டியிருந்தது, மனிதர்கள் நடந்தே பின்தொடரக்கூடிய நாய். அந்த நாய்தான் பீகிள்.

அதன் உடம்பே அந்த வேலைக்கென்று வார்த்தது. கால்கள் குட்டை என்பதால் ஓட்டத்தில் வேகம் குறைவு, ஆனால் மணிக்கணக்கில் ஓடும். தலையைத் தாழ்த்தி மண்ணை முகர்ந்துகொண்டு போகையில் உடல் புல்லுக்குள் மறைந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் வாலின் வெள்ளை நுனி மட்டும் தூரத்திலிருந்து கண்ணில் படும். குரைப்பு, ஊளை இரண்டும் போக, மோப்பம் கிடைத்த கணத்தில் தொண்டை திறந்து நீளமாக எழுப்பும் ஒரு முழக்கமும் அதற்கு உண்டு. பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் தோளுயரம் 9 அங்குலமே இருந்த ‘பாக்கெட் பீகிள்’கள் அரண்மனையில் வளர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் நரி வேட்டை மோகம் பரவியதும், குதிரைக்கு ஈடுகொடுக்கும் பெரிய வேட்டை நாய்கள் முன்னுக்கு வந்தன. பீகிளைக் கைவிடாமல் காத்தவர்கள் சிறு கூட்டங்களாக அதை வளர்த்துவந்த நாட்டுப்புறத்து உழவர்கள். 1830களில் எசெக்ஸில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் ஒரு கூட்டத்தைத் திரட்டினார். இன்றைய இனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேட்டைத் திறனோடு அழகான தோற்றமும் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இணை சேர்த்தவர் தாமஸ் ஜான்சன். 1870களில் ஜெனரல் ரிச்சர்ட் ரோவெட் நல்ல நாய்களை இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் இல்லினாய்ஸுக்கு வரவழைத்தார்.

பீகிள் மூக்கின் கூர்மையை 1950களில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஒரு சுண்டெலியை விட்டு, நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். பீகிள்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

1984இல் அமெரிக்க வேளாண் துறை இதே மூக்கை லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் வேலைக்கு அமர்த்தியது. பயணிகளின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பழமோ இறைச்சியோ வாசனை காட்டினால், பச்சைச் சட்டை போட்ட பீகிள் அருகே போய் அமைதியாக உட்கார்ந்துவிடும். உருவம் சிறியது, குணமும் சாது என்பதால் கூட்டத்தில் யாரும் மிரள்வதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டு முயலை வேட்டையாடுவதற்கு 2005 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. முயல் தப்பியது. ஆனால், வேட்டைக்காக ஊட்டி வளர்த்த குணங்கள் நாயை விட்டுப் போகவில்லை. கூட்டமாக வாழ்ந்த இனம் என்பதால் நாளெல்லாம் வீட்டில் தனியே விட்டால் ஊளையிடும். மோப்பம் பிடித்துவிட்டால் எஜமானர் கூப்பிடுவது காதில் ஏறாது. அதனால் திறந்த வெளியில் கழுத்துப்பட்டையும் கயிறும் இல்லாமல் விடவே கூடாது. தட்டில் வைத்ததையெல்லாம் தின்று தீர்க்கும். ஏறக்குறைய 10 கிலோ இருக்க வேண்டிய உடம்பு பருத்துவிட்டால் முதுகெலும்பு பாதிக்கப்படலாம், ஆகவே உணவை அளந்துதான் வைக்க வேண்டும். தொங்கும் காதுக்குள் காற்று அதிகம் புகாது. வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்த்து, குளிப்பாட்டிய பின் ஈரம் போகத் துடைக்க வேண்டும். நாற்றமடித்தாலோ, நாய் அடிக்கடி தலையை உதறினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

காலை நடையில் அவசரப்படுத்தி இழுக்காமல், வேலி ஓரம், மரத்தடி என்று அது நின்ற இடத்திலெல்லாம் நின்று முகர விடுங்கள். வீடு திரும்பியதும் தண்ணீரைக் குடித்துவிட்டு, மதியம் வரை தூங்கும்.