தோப்பு: மரம் போன பின்னும் நிற்கும் சொல்

புதுச்சேரியில் ஆட்டோ ஏறி நெல்லித்தோப்பு என்றால் ஓட்டுநர் மறுகேள்வி கேட்க மாட்டார். அங்கே மாதா கோயில் உண்டு, கடைத்தெரு உண்டு, எப்போதும் நெரியும் சிக்னல் உண்டு. நெல்லி மரத்தைத்தான் தேட வேண்டும். தெற்கே அரிக்கமேட்டை ஒட்டிக் காக்காயந்தோப்பு. வடக்கே கருவடிக்குப்பத்தில் குயில் தோப்பு. இந்த நகரம் தன் வீதிப் பெயர்களை ஆட்சிக்கு ஆட்சி மாற்றியிருக்கிறது. துய்ப்ளெக்ஸ் வீதி நேரு வீதியானது. வடக்கு புல்வார் சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கு புல்வார் அண்ணா சாலை, தெற்கு புல்வார் சுப்பையா சாலை. பெயர்கள் போனாலும் வீதிகள் அதே கோட்டில்தான் கிடக்கின்றன. தோப்புகளின் கதை தலைகீழ். மரங்களை வெட்டி மனை போட்டார்கள். பெயரை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

தோப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது? சங்கப் பாடல்களில் மரக்கூட்டத்துக்குக் கா, பொழில், சோலை, தண்டலை என்று அழகழகான சொற்கள் உண்டு. தோப்பு அந்த வரிசையில் வருவதில்லை. அது உழவரும் குத்தகைக்காரரும் பேசிப் பேசி வளர்த்த சொல். ‘தொகுப்பு’ மருவித் தோப்பு ஆயிற்று என்று கொள்வதே பொருத்தம் என்பேன். பகுதி பாதியாகவும், மிகுதி மீதியாகவும், அகப்பை ஆப்பையாகவும் குறுகிய அதே வழி இது. பொருளும் ஒத்துப்போகிறது. தனிமரம் தோப்பாகாது என்ற பழமொழி சொல்வதும் இதைத்தான்: எண்ணிக்கையும் சேர்க்கையும் இருந்தால்தான் தோப்பு. கருவடிக்குப்பத்தின் பிற்பாதியான குப்பமும் இதற்கு ஒருவகையில் உறவு. குவி, குப்பல், குப்பை, குப்பம் எல்லாம் ஒன்றுசேர்தலைக் குறிப்பவை. வீடுகள் சேர்ந்தால் குப்பம், மரங்கள் சேர்ந்தால் தோப்பு. (தோப்புக்கரணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது கையால் காதைப் பிடிப்பதைச் சொல்லும் வடமொழித் தொடரின் திரிபு.)

தோட்டம் வேறு, தோப்பு வேறு. தோட்டத்தில் கீரையும் கத்தரியும் பூச்செடியும் இருக்கும். நாள்தோறும் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும். தோப்பு வேரூன்றிவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். நாட்டு மாவை 30 அடிக்குக் குறையாமல் இடைவெளி விட்டு நடுவார்கள். மரம் குடை விரித்தபின் அடியில் வேறு பயிர் தலையெடுக்காது. தை, மாசியில் பூ. பூவைப் பார்த்தே வியாபாரி குத்தகை பேசிவிடுவார். காய் திரண்டதும் தோப்புக்குள் காவல் குடிசை முளைக்கும். சித்திரையில் வலை கட்டிய துரட்டியோடு பறிப்பு. காம்பு ஒடியும் இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாகும் என்று பறிப்பவர்கள் காயைச் சற்று நேரம் கவிழ்த்து வைப்பார்கள். பறிப்பு முடிந்தால் ஆண்டின் மிச்ச மாதங்களில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. நிழலும் தனிமையும் தேடுபவருக்குத் தோப்பு இடம் கொடுத்தது அதனால்தான்.

அப்படித் தேடி வந்தவர்தான் பாரதி. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த அவர், ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியிலிருந்து நகரைத் தாண்டி முத்தியால்பேட்டை வழியாகக் கருவடிக்குப்பம் வருவார். கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பு அங்கே இருந்தது. ‘வெல்லச்சு’ என்று பாரதி செல்லமாக அழைத்த செட்டியார் அவர். பக்கத்திலேயே 1837இல் சித்தியடைந்த குரு சித்தானந்த சுவாமிகளின் கோயில். அந்தக் கோயில் வாயிலில் எரியும் விளக்கையும் பாரதி பாடியிருக்கிறார்.

பாரதியின் குயில் பாட்டுக்குக் களம் செட்டியாரின் இந்தத் தோப்பு. ஆனால் பாட்டுக்குள் அது தோப்பு இல்லை. மாஞ்சோலை என்றே வருகிறது. நகருக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ள இடம் என்றும், வேடர்கள் பறவை சுட வருவார்கள் என்றும் குறிப்புத் தருகிறார். கவிதைக்குச் சோலைதான் இசைந்தது. ஊர்மக்களோ அவர் எழுதிய குயிலை எடுத்துத் தங்கள் தோப்போடு சேர்த்துக் குயில் தோப்பு என்றார்கள். மரத்தாலோ சொந்தக்காரராலோ பெயர் பெறுவது தோப்புகளின் வழக்கம். ஒரு பாட்டால் பெயர் பெற்ற தோப்பு இது. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் இதற்கு ஈடான இடப்பெயர் அரிது என்று துணிந்து சொல்வேன்.

தோப்பு என்ற சொல் கடல் தாண்டி வந்தவர்கள் வாயிலும் ஏறியது. பிரெஞ்சுக்காரர்கள் நெல்லித்தோப்பை ‘நெல்லித்தோப்’ என்று தங்கள் எழுத்தில் பதிந்தார்கள். ஆங்கிலேயர் ‘டோப்’ என்றார்கள். அவர்கள் போர்க்கதைகளிலும் தோப்பு வருகிறது. 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படைமீது பிரெஞ்சு பீரங்கிகள் சுட்டது ஒரு மாந்தோப்பின் மறைவிலிருந்து. 1757இல் பிளாசியில் கிளைவ் படையை நிறுத்தியதும் மாந்தோப்பில்தான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, வட இந்தியாவில் ஆங்கிலேயர் எல்லாரும் ‘டோப்’ என்கிறார்கள், அங்குள்ள மக்களுக்கோ அந்தச் சொல்லே தெரியாது, இது தமிழ், தெலுங்குச் சொல் என்று விளக்குகிறது. தமிழ் உழவர் வாய்ச்சொல்லை வங்காளம்வரை கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர்.

இன்றைய கருவடிக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை இரைந்து ஓடுகிறது. சிவாஜி சிலை ஒரு முக்கிய அடையாளம். நாடக மேடையில் வளர்ந்த அந்த நடிகருக்கு இங்கே சிலை அமைந்தது பொருத்தம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்து அடக்கமானதும் இந்தக் கருவடிக்குப்பத்தில்தான். நாடகக் கலைஞர்கள் அவர் நினைவுநாளில் இங்கே கூடுகிறார்கள். செட்டியாரின் மாந்தோப்பு பரந்திருந்த பக்கம் இப்போது வீடுகள். சுற்றிலும் எழுந்த குடியிருப்புகளின் பெயரெல்லாம் ‘நகர்’ என்றே முடிகின்றன. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் என்ற பெயர்களை வைத்து அங்கே முன்பு என்ன விளைந்தது என்று அறிய முடியாது. தோப்பு என்ற பெயர் ஒரு நிலத்தின் பழைய பயனைச் சொல்லும். நகர் என்பது அதை மூடிவிடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தோப்பு என்ற சொல் இன்னும் உயிரோடு கிடக்கும் ஓரிடம் பழைய கிரயப் பத்திரம். நான்கெல்லை சொல்லும்போது ‘இன்னார் தோப்புக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு’ என்று எழுதியிருப்பார்கள். புதுவையில் நொத்தேர் என்ற பத்திர அலுவலர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரங்களிலும் இடப்பெயர்கள் தமிழ்தான். ஆனால் பத்திரத்துக்குள் மட்டும் அந்தச் சொல் கிடந்தால் போதாது. ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள்: குயில் தோப்பில் மீதமுள்ள நிலத்தில் நாட்டு மாங்கன்றுகள் நட்டு, அந்தப் பெயரையே பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். அதில் ஒரு தோப்பின் பெயர் இருந்தால், தெருவில் மூத்தவர் ஒருவரிடம் அது எந்த மரத்தின் தோப்பு என்று கேட்டு எழுதி வையுங்கள்.