பிறவி அறிவும் பயிற்சித் தாளும்

அமெரிக்க நாட்டிலே ஒரு சனிக்கிழமைக் காலை. பதினேழு வயது மாணவி ஒருத்தி அறைக் கதவைத் தாழிட்டுக் கணிப்பொறி முன் அமர்கிறாள். 98 வினாக்கள், 2 மணி 14 நிமிடங்கள். கடிகாரம் ஓடுகிறது, அவளும் அதனோடு ஓடுகிறாள். முடிவில் திரையிலே ஒரு மதிப்பெண் தோன்றுகிறது. அந்த மதிப்பெண் எந்தக் கல்லூரிக்கும் போகாது; எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஏனெனில் அவள் எழுதியது தேர்வன்று, தேர்வுக்கு ஒத்திகை! தவறிய வினாக்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அமர்வாள்.

கல்லூரி புக விரும்பும் அந்நாட்டுப் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு நடக்கும் பயிற்சி இது. இதில் என்ன புதுமை? கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் வரும் என்பது நம் திண்ணைப் பள்ளி ஆசிரியருக்குக்கூடத் தெரிந்த செய்திதானே என்று தோழர்கள் கேட்கக்கூடும். திண்ணைப் பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அத்தேர்வை நடத்திய பேரறிஞர்களோ, நெடுங்காலம், பயிற்சியால் பெரும்பயன் இல்லையென்றே சாதித்து வந்தார்கள். காரணம் உண்டு. அவர்கள் அளக்கப் புறப்பட்டது பிள்ளை கற்ற கல்வியை அன்று. அவன் கருவிலே கொண்டுவந்த திறனை. கருவிலே வந்தது பயிற்சியால் கூடுமோ? கூடிவிட்டால், கருவிலே வந்தது என்ற பேச்சு என்னாவது?

'பிறவியிலேயே' என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் நிமிர்ந்து உட்காருவது இயல்பு. ஆகவே கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படைக்குத் திரண்ட இளைஞரைத் தரம் பிரிக்க, ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலார் தலைமையில் ஒரு குழு முன்வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு 'ஆல்ஃபா', தெரியாதவர்க்குப் படங்களாலான 'பீட்டா' என இரு தேர்வுகள் வகுத்தனர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் அவற்றை எழுதினர். அளக்கப்படுவது பிறவி அறிவு என்று பறைசாற்றப்பட்டது. வினாக்களைப் பாருங்கள்! கிறிஸ்டி மாத்யூசன் என்பவர் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் ஆட்டக்காரரா? கிரிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா? இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த உழவன் மகனுக்கு நியூயார்க் ஆட்டக்காரரின் பெயர் தெரியவில்லை. ஆகவே அவன் மூளை மட்டம்! மளிகைக் கடையில் விற்கும் சமையற் கொழுப்பின் பெயர் தெரியவில்லை. ஆகவே அவன் மரபே மட்டம்!

இந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளவியலார் கார்ல் பிரிகாம் 1923-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கரின் அறிவுத்திறன் பற்றிய ஆய்வு என்பது அதன் பெயர். வட ஐரோப்பிய 'நார்டிக்' இனத்தார் உச்சியில். தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் கீழே. கருப்பின மக்கள் எல்லார்க்கும் கீழே. ஏணி ஒன்று தயார்! ஏணிகளை நாம் வேறிடத்திலும் கண்டிருக்கிறோம். இது மட்டும் புள்ளிவிவரத்தால் செய்யப்பட்டது.

அந்நூலிலேயே, அதன் கழுத்துக்குக் கயிறாகக்கூடிய ஓர் உண்மை இருந்தது. குடியேறியோரில், அமெரிக்காவுக்கு வந்து 5 ஆண்டுகூட ஆகாதவர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆண்டுகள் ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறியது. 20 ஆண்டு வாழ்ந்தவர் அந்நாட்டில் பிறந்தவர்க்கு ஏறக்குறைய இணையாக நின்றனர். ஒரு பள்ளிச் சிறுவனிடம் காட்டினாலும், "மொழி பழகிற்று, நாடு பழகிற்று, மதிப்பெண் கூடிற்று" என்பான். பிரிகாம் என்ன சொன்னார்? முன்னே வந்தவர்கள் உயர்ந்த இரத்தம், பின்னே வந்தவர்கள் தாழ்ந்த இரத்தம் என்றார். கண்முன் கிடந்த விளக்கத்தை விட்டுவிட்டுக் கற்பனையில் கிடந்த இரத்தத்தைத் தேடிய புலமையை என்னென்பது!

அடுத்த ஆண்டே, 1924-இல், தென் ஐரோப்பியர், கிழக்கு ஐரோப்பியர் வரவைக் கடுமையாகச் சுருக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அந்நூலே அச்சட்டத்தைக் கொணர்ந்தது என்றால் மிகையாகும். அன்று வீசிய நச்சுக்காற்றில் அதுவும் ஒரு மூச்சு. அதே 1924-இல் 'தி கிரைசிஸ்' ஏட்டில், ஹோரஸ் மான் பாண்ட் என்ற கருப்பினக் கல்வியாளர், இருபது வயதுகூட நிரம்பவில்லை அப்போது அவருக்கு, இந்தத் தேர்வுகளின் பெயரால் நடக்கும் பரப்புரையைக் கிழித்துக் காட்டினார். இராணுவத் தேர்வின் எண்களே அவருக்குத் துணை நின்றன. இல்லினாய் போன்ற வட மாநிலங்களின் கருப்பின வீரர்கள், தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளை வீரர்களைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தனர்! நல்ல பள்ளி இருந்த இடத்தில் எண் உயர்ந்தது; இல்லாத இடத்தில் தாழ்ந்தது. தோலுக்கு அங்கே வேலையில்லை.

கல்லூரித் தேர்வு வாரியம் பிரிகாமிடமே புதுத் தேர்வை அமைக்கும் பணியை ஒப்படைத்தது. 1926 ஜூன் 23-இல் முதல் எஸ்.ஏ.டி. நடந்தது. 8,000-க்குச் சற்று மேற்பட்ட மாணவர், 315 வினாக்கள், 97 நிமிடங்கள். பெயரில் இருந்த நடு எழுத்து 'ஆப்டிட்யூட்', அதாவது இயல்திறன், என்பதைக் குறித்தது. இந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிகாமைப் பற்றி இன்னொன்றும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. 1930-இல் அவர் தம் பழைய நூலைத் தாமே மறுத்தார். இனங்களை ஒப்பிட்ட அத்தகைய ஆய்வுகளும், அவற்றுள் தமது ஆய்வும், அடிப்படையற்றவை என்று ஆய்விதழிலே எழுதினார். தன் கையால் கட்டியதைத் தன் கையால் இடிக்கும் துணிவு எத்தனை பண்டிதர்க்கு உண்டு? ஆனால் தேர்வு நின்றது. 1933-இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட் அதைக் கையிலெடுத்தார். பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளே நிறைந்த மண்டபத்துக்குள், எங்கோ சிற்றூரில் கிடக்கும் அறிவாளிச் சிறுவனைக் கொணர ஒரு கருவி வேண்டும் என்பது அவர் நோக்கம். நல்ல நோக்கம்தான். 1947-இல் தேர்வுகளை நடத்துவதற்கென்றே தனி நிறுவனம் அமைந்தது. பிறவித் திறன், பயிற்சியால் மாறாதது என்ற பழைய நம்பிக்கையும் அதே வீட்டில் குடியிருந்தது.

அந்த நம்பிக்கைக்கு உலை வைத்தவர் பல்கலைக்கழகத்தில் இல்லை. புரூக்ளினில் பெற்றோர் வீட்டு நிலவறையில் இருந்தார். ஸ்டான்லி காப்லான் யூதக் குடும்பத்துப் பிள்ளை. நியூயார்க் நகரக் கல்லூரியில் சிறந்து தேறியவர். மருத்துவராக விரும்பினார், விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் யாவும் தள்ளிவிட்டன. தாம் யூதர் என்பதும் பொதுக் கல்லூரியில் படித்தவர் என்பதுமே காரணம் என்று அவர் கருதினார். எல்லார்க்கும் ஒரே தேர்வு இருந்திருந்தால் தம்மை அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க முடியாது என்பது அவர் எண்ணம். ஆகவே, தேர்வை எதிர்த்தவரல்லர் அவர், தேர்வை நேசித்தவர்! அந்த நேசந்தான் தேர்வின் பொய்யை அம்பலமாக்கிற்று என்பது வரலாற்றின் குறும்பு.

1946-இல் மாணவி ஒருத்தி எஸ்.ஏ.டி.க்கு உதவி கேட்டு அவரிடம் வந்தாள். சொற்பொருளும் கணக்கும் வாசிப்பும்தானே, இவற்றைக் கற்பிக்க முடியாதென்று எவன் சொன்னான் என்று காப்லான் பயிற்சியைத் தொடங்கினார். பழைய வினாத்தாள்கள் அன்று பூட்டிய பெட்டிக்குள். எனவே ஒரு வழி கண்டார். தேர்வு முடிந்ததும் மாணவர்க்கு ஒரு விருந்து வைப்பார். உண்டுகொண்டே அவர்கள் தாம் கண்ட வினாக்களைப் பேசுவார்கள். அவரும் துணையாசிரியர்களும் குறித்துக்கொள்வார்கள். அடுத்த அணிக்கு அதைப் போன்ற வினாக்களால் ஒத்திகைத் தாள் தயாராகும். கற்றவர் உலகம் அவரைச் சந்தையில் மூலிகை விற்பவனைப் போல நோக்கியது. பிள்ளைகளோ வந்துகொண்டே இருந்தார்கள்.

இறுதியில் அரசாங்கமே நுழைந்தது. பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரம் புரட்டா என்று பார்க்கக் கூட்டரசின் வணிக ஆணையம் புறப்பட்டது. 1979-இல் வந்த முடிவு வேறாயிற்று. ஒரு பயிற்சிப் பள்ளியில் படித்த மாணவர் சிலருக்குச் சொற்பகுதியிலும் கணக்கிலும் சுமார் 25 புள்ளி வீதம் ஏறியிருந்தது. மலையளவு இல்லைதான். ஆனால் 'ஏறாது' என்ற கொள்கைக்கு ஒரு புள்ளி ஏறினாலும் நஞ்சு!

அதே 1979-இல், கென்னத் லவால் என்ற மாநில மேலவை உறுப்பினரின் முயற்சியால், நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. வினாவையும் விடையையும் தேர்வு எழுதியவன் கேட்டால் காட்ட வேண்டும். அதுவரை, என் விடை ஏன் தவறு என்று கேட்க ஒரு மாணவனுக்கு வழியில்லை. மறைபொருளை ஓதுவார் ஓதுவர், கேட்பார் கேட்பர்! பெட்டி திறந்ததும் நடந்ததைக் கேளுங்கள். எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியாகப் பள்ளியில் எழுதப்படும் தொடக்கத் தேர்வில், 1980-இல், ஒரு கணக்கு. நான்கு முகக் கூம்பு ஒன்று. சதுர அடியுள்ள கூம்பு ஒன்று. விளிம்புகள் எல்லாம் ஒரே அளவு. முக்கோண முகம் இரண்டைப் பொருத்தி ஒட்டினால் வெளியே தெரியும் முகங்கள் எத்தனை? நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டியதில் மறைந்தவை இரண்டு, ஆகவே 7 என்றது வாரியம். ஃபுளோரிடாவின் 17 வயது மாணவன் ஒருவன் 5 என்று எழுதியிருந்தான். ஒட்டும்போது அடுத்தடுத்த முகங்கள் இரண்டிரண்டாக ஒரே தளத்தில் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. கெட்டித் தாளை வெட்டி ஒட்டி நீங்களே பார்க்கலாம். வாரியம் தோற்றது. 1981 மார்ச்சில் ஏறத்தாழ 2,40,000 மாணவரின் மதிப்பெண் உயர்த்தப்பட்டது. சரியாகச் சிந்தித்தவர்கள் அதுவரை திறன் குறைந்தவர்களாகக் கணக்கில் இருந்தார்கள்!

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பழைய தாள்களை வாரியமே நூலாக்கி விற்றது. பயிற்சி பெரும் வாணிகமாயிற்று. காப்லானின் நிறுவனத்தையே 1984-இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் வாங்கியது. நிலவறையில் ஏழைப் பிள்ளைக்குத் திறந்த கதவு, காசுள்ளவன் வீட்டுக் கதவாகவும் ஆயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நடு எழுத்து? 1990-களில் 'ஆப்டிட்யூட்' போய் 'அசெஸ்மென்ட்', மதிப்பீடு, வந்தது. 1997-இல் அதுவும் போயிற்று, எஸ்.ஏ.டி. என்ற மூன்றெழுத்துக்கும் விரிவு எதுவுமில்லை என்று வாரியமே அறிவித்தது.

2015-இல் வாரியம் கான் அகாடமியோடு சேர்ந்து இலவசப் பயிற்சித் தேர்வுகளை இணையத்தில் வைத்தது. 2017-இல், 20 மணி நேரம் அங்கே பயின்றவர்க்குத் தொடக்கத் தேர்விலிருந்து சராசரி 115 புள்ளி ஏறியதென்று தானே முழங்கியது. (20 மணி நேரம் அமரும் பிள்ளை முன்பே ஊக்கமுள்ளவன் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.) ஏறாது என்ற வாய் ஏறும் என்றது!

யாருக்கு ஏறுகிறது? தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய பொருளியலறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்ந்தோரும் 2023-இல் காட்டிய கணக்கு இது. 1600-க்கு 1300-உம் அதற்கு மேலும் பெறும் வாய்ப்பு, மிகச் செல்வரான ஒரு விழுக்காட்டினர் பிள்ளைகளுக்கு ஏழைப் பிள்ளைகளைவிட 13 மடங்கு. இதைக் கண்டு தேர்வே வேண்டாம் என்போர் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2020-இல் அதைக் கைவிட முடிவு செய்தது. தேர்வு போனால் சிபாரிசுக் கடிதமும் அலங்காரக் கட்டுரையுமே ஆளும், அவை இன்னும் செல்வர் சொத்து என்போரும் உண்டு, எம்.ஐ.டி. 2022-இலும், ஹார்வர்டு, யேல், டார்ட்மத் 2024-இலும் தேர்வை மீண்டும் கேட்கத் தொடங்கின.

டார்ட்மத் சொன்ன காரணம் ஒன்று. மதிப்பெண்ணை அனுப்புவது விருப்பம் என்றிருந்த ஆண்டுகளில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 1400 போன்ற மதிப்பெண்ணைப் பெற்றும், அது போதாதென்று கருதி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். அனுப்பியிருந்தால் இடம் கிடைக்க அது உதவியிருக்கும்.